ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்

ஆங்கிலத்தில் எனக்கு முதலில் வாய்த்த முழு வாக்கியம், 'ஆஸ் ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் விடுப்புக் கடிதம். மணலூர்பேட்டையில் என்னோடு படித்தவர்கள் எல்லோருக்கும் அதுவேதான். ஒரே கட்டியாக விழுங்கியிருந்தோம். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அக்காள் கல்யாணமும் காய்ச்சல், மல்லாட்டை பிடுங்குவதும் காய்ச்சல். வேறு காரணத்துக்கு எங்களிடம் வாக்கியம் இல்லை.

கேலிக்காகச் சொல்லவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் 1980களில் ஏராளமான ஆங்கிலப் பிரதிகளைக் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தார். அந்த வேலையிலிருந்து 1987இல் கோபில்ட் அகராதி வந்தது. ஆங்கிலேயனும் சொல் சொல்லாகக் கோத்துப் பேசுவதில்லை, பாதி தயாராகக் கிடக்கும் தொடர்களை எடுத்துப் போட்டே பேசுகிறான் என்பது அவர் முடிவு. ஆக, வாய்ப்பாடு அவமானமில்லை. அவன் சந்தர்ப்பத்துக்கேற்ற தொடரை எடுக்கிறான். நாங்கள் இருந்த ஒரே தொடருக்கேற்பச் சந்தர்ப்பத்தை வெட்டினோம்.

'எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது' என்பதில் எழுவாய் காய்ச்சல். நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக் கிடக்கிறேன். ஆங்கிலக் கடிதத்திலோ 'ஐ' முன்னால் வந்து நின்று துன்பப்படுகிறது. ஒரே உடம்புச் சூட்டுக்கு இரண்டு பிரக்ஞைகள்.

கடைத்தெருவில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்றால் தனித்தமிழ் அன்பர்களுக்கு முகம் சுளிக்கும். எனக்கு அதில் பயமில்லை. அந்நியமானது ஒரு சொல் மட்டுமே. 'பண்ணி'யும் 'கொள்'ளும் மரியாதை விகுதியும் நம்முடையவை. செரித்துவிட்ட ஆங்கிலம் அது. 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'உண்மை வெளிச்சத்துக்கு வந்தது' என்ற தொடர்களில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. எலும்பு முழுக்க ஆங்கிலம். இவற்றை யாரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை.

ஆற்றோரத்தில் இருந்த பெரியப்பாவின் கிணறு வற்றியபோது, ஆற்றில் மணல் போனதால்தான் என்று ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது: 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' நான்தான் படித்துக் காட்டினேன். "யாரு எடுப்பாங்களாம்?" என்று கேட்டார். திரும்பப் படித்தேன். வாக்கியத்தில் ஆள் இல்லை. செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் செய்பவனை ஒளித்துவைக்க அதை அன்றாடப் புழக்கமாக்கியது அலுவலக ஆங்கிலம்தான் என்று நினைக்கிறேன். பெரியப்பா இலக்கணம் படித்தவரில்லை. கிணறு வற்றியவனுக்கு எழுவாய் தேவைப்பட்டது.

நம் கவிதைகளைப் பற்றியும் இதே கவலை எனக்கு உண்டு. புதுக்கவிதையில் மௌனம் அடிக்கடி உடைகிறது. தமிழில் மௌனம் உடையாது, கலையும். உறக்கம் போல, மேகம் போல, கூட்டம் போல. உடைவதற்கு அது கண்ணாடியாக இருந்திருக்க வேண்டும். 'உடைந்தது' என்று எழுதுபவன் எந்த மௌனத்தைக் கேட்டான்? தன் வீட்டுத் திண்ணையில் கேட்டதையா, வாசித்த புத்தகத்தில் இருந்ததையா? கண்ணாடி மௌனமும் ஒருவனுக்கு நிஜமாக நேர்ந்திருக்கலாம். நேர்ந்திருந்தால் உடையட்டும். நேராமல், கைக்கு அகப்பட்ட தொடர் அது ஒன்றே என்பதால் உடைந்திருந்தால், அந்தக் கவிதையும் விடுப்புக் கடிதந்தான்.