சுரங்கக் குழியிலிருந்து வானம் வரை

முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரியும், ஒரு பொருளை முழுசாகக் காட்ட ஒரு வியூ போதாது. முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. மூன்றையும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் எப்படி இருக்கும்? சார் ஷீட்டைக் கிழித்துவிடுவார். ஆனால் பீட்டர் லான்யன் 1951-இல் வரைந்த 'போர்த்லெவன்' கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. அது ஒரு துறைமுக ஊர். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நடந்துகொண்டே பார்த்ததெல்லாம் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறது.

ஹாஸ்டலில் என் ரூம்மேட்டிடம் போனில் காட்டினேன். "என்னடா இது, பெயின்ட் கொட்டிடுச்சா?" என்றான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லான்யன் 1918-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் பிறந்தவர். அந்த ஊருக்கு வெளியூர் ஓவியர்கள் நிறைய பேர் வந்து தங்கினார்கள். இவர் மண்ணின் மைந்தர். உலகப் போரின்போது பைலட் ஆக ஆசைப்பட்டார். ஒற்றைத் தலைவலி இருந்ததால் எடுக்கவில்லை. விமானப்படையில் மெக்கானிக் ஆனார். கேட்ட பிராஞ்ச் கிடைக்காமல் வேறு பிராஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம்ம பசங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை.

எனக்கு அவர் படங்களில் ரொம்பப் பிடித்தது 1953-இல் முடித்த 'செயின்ட் ஜஸ்ட்'. பச்சைக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு கருப்பு இறங்குகிறது. அது சுரங்கக் குழி. செயின்ட் ஜஸ்ட் பக்கத்தில் லெவன்ட் என்று ஒரு சுரங்கம் உண்டு. அங்கே தொழிலாளிகள் ஏறி இறங்க 'மேன் இன்ஜின்' என்று ஒன்று இருந்தது. குழிக்குள் ஒரு நீண்ட தண்டு மேலும் கீழும் போய் வரும். அதில் படிகள். குழிச் சுவரிலும் மேடைகள். தண்டு மேலே போகும்போது படியில் நிற்க வேண்டும். அது நின்று திரும்பும் நொடியில் மேடைக்கு மாற வேண்டும். அடுத்த வீச்சில் அடுத்த படி. வெறும் ரெசிப்ரோகேட்டிங் மோஷன்தான், அதில் மனுஷன் ஏறுகிறான். 1919 அக்டோபர் 20-இல் உச்சியில் தண்டைப் பிடித்திருந்த இணைப்பு உடைந்தது. 31 பேர் செத்தார்கள். நமக்கு ஃபெயிலியர் என்றால் ரெண்டு மார்க் கேள்வி.

இது தெரிந்தபின் அந்தக் கருப்பைப் பார்த்தால் டிசைனாகத் தெரியவில்லை. அந்தப் படத்தில் சிலுவையின் வடிவமும் இருக்கிறது. ஊரின் மேல்புறத்தை மட்டும் அழகாக வரைந்திருந்தால் கீழே இருந்தவர்கள் படத்தில் வந்திருக்கவே மாட்டார்கள். அரூப ஓவியம் என்றால் உலகத்தை விட்டு விலகுவது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

1959-இல், நாற்பது வயசுக்கு மேல், கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அடுத்த வருஷமே தனியாகப் பறந்தார். இன்ஜின் இல்லாத விமானம் அது; சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுக்குள் வட்டமடித்துத்தான் உயரம் பிடிக்க வேண்டும். அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத்தான் தெரியும். அதைத்தான் 1960-இல் 'தெர்மல்' என்று வரைந்தார். நீலமும் சாம்பலும் வெள்ளையும் சுழன்று எழும். அந்தக் காற்றுக்கு ஃபிரன்ட் வியூ, டாப் வியூ எல்லாம் எங்கே போய் எடுப்பது?

1964 ஆகஸ்டில் டெவனில் ஒரு பயிற்சியின்போது அவர் கிளைடர் விழுந்தது. சில நாளில் இறந்துபோனார். வயசு 46. அந்த வருஷம் செய்த 'கிளைட் பாத்' ஓவியத்தில் கேன்வாஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயை ஒட்டியிருக்கிறார்.