அகலமான லென்ஸும் ஆச்சியின் பாட்டும்

ஆச்சிக்கு முன்னால செல்போனைத் தூக்கினா, யாரோ வீடியோ காலில் இருக்காங்கன்னு நினைச்சு "யாருலே பேசுதா? சாப்ட்டாளா?"ன்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. 2005-ல அப்பா வாங்கின சோனி ஹேண்டிகேம்னா கதையே வேற. தங்கச்சி காதுகுத்துக்குப் பார்த்த கேமரா ஆச்சே, முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டு அழகா உட்காருவாங்க. அதனாலதான் அந்த மினி டிவி கேசட் கேமராவைத் தூசி தட்டினேன்.

என் திட்டம் ரொம்பச் சின்னது. அம்பாசமுத்திரம் பக்கத்துல இருக்கற எங்க ஊருக்குப் பொங்கலுக்குப் போகும்போது, ஆச்சி பாடுற தாலாட்டை முழுசா பதிவு பண்ணணும், அவ்வளவுதான். ஆனா நமக்குள்ள ஒரு மணிரத்னம் தூங்கிட்டு இருக்காரே! சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் முதல் வேலையா 1,400 ரூபாய்க்கு ஒரு வைடு லென்ஸ் வாங்கினேன்.

பொங்கலன்னைக்கு ஆச்சி கடைசி வரி வரைக்கும் பாடினாங்க. சென்னைக்கு வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தா, படத்தோட நாலு மூலையும் கறுப்பு. அதைக்கூடத் தாங்கிக்கலாம். மேல ஃபேன் சத்தம், கூடவே கேசட் சுத்துற மோட்டாரோட 'ங்ங்' சத்தம், இது ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ ஆச்சி. கேமராவோட சேர்ந்தே இருக்கற மைக்குக்குப் பக்கத்துல இருக்கற மோட்டார்தான் முதல்ல கேட்கும், ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கற மனுஷி அதுக்கப்புறம்தான். இஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். என்ன செய்ய!

ரெண்டாவது தடவை போனப்போ பண்ணது இது:

சட்டைக் காலர்ல மாட்டுற சின்ன மைக் ஒண்ணு 850 ரூபாய். நல்லவேளை, எங்க கேமராவுல மைக் சொருகுற ஓட்டை இருந்தது. இல்லாத மாடல்களும் உண்டு, வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க. மைக்கைக் கழுத்துச் செயின் உரசாத இடமா மாட்டணும். மெனுவுல ஒலி 12 பிட்ல இருந்ததை 16 பிட்டுக்கு மாத்தினேன். இதுக்குக் காசே கிடையாது.

பழைய டிரைபாட் ஒண்ணு 600 ரூபாய். ஆடாம இருக்க ஒரு மஞ்சப்பையில ரெண்டு செங்கல் போட்டு நடுவுல தொங்கவிட்டேன்.

வெளிச்சத்துக்கு 40 ரூபாய் தெர்மாகோல். ஆச்சியை ஜன்னலோரமா உட்கார வெச்சு, எதிர்ப்பக்கம் தெர்மாகோலைச் சாய்ச்சு வெச்சா நிழல் விழுற கன்னத்துலயும் வெளிச்சம் வரும். டியூப்லைட்டை அணைச்சுட்டேன். ரெண்டு விதமான வெளிச்சம் கலந்தா முகத்தோட நிறமே மாறிடும்.

மொத்தம் 1,490 ரூபாய். லென்ஸுக்கு அழுத காசுதான் கிட்டத்தட்ட.

வேர்க்காம இருக்கக் காலைல ஆறரைக்கே ஃபேனை நிறுத்திட்டு ஆரம்பிச்சோம். "என்னத்தலே சேலைல மாட்டுத?"ன்னு சிரிச்சாங்க. பாட ஆரம்பிச்சாங்க. பாதியில நின்னுட்டாங்க. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தாங்க.

"மறந்து போச்சுலே. அன்னைக்குத்தான் முழுசா படிச்சேன்லா, அதுல இருக்கும்லா?"

"இருக்கு ஆச்சி"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

ஃபயர்வயர் கேபிள் போட்டு கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட 13 ஜிபி. அது ஏறுற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி பளிங்கு மாதிரி கேட்குது, மூச்சு இழுக்கறதுகூட. மறு பாதியைப் பொங்கல் கேசட்டுல இருந்து எடுத்து, சாஃப்ட்வேர்ல இரைச்சலை எவ்வளவு குறைச்சாலும், ஃபேனோட சேர்ந்து ஆச்சி குரலும்தான் போகுது.

அதனால மக்களே, கையில இருக்கற காசை முதல்ல மைக்குல போடுங்க. அப்புறம் ஸ்டாண்ட், அப்புறம் வெளிச்சம். மிச்சம் இருந்தா லென்ஸ். பதிவு பண்ணி முடிச்ச உடனே, அங்கேயே இயர்போன்ல ஒரு தடவை கேட்டுடுங்க. ஊருக்கு வந்து கேட்டுக்கலாம்னு விட்டுடாதீங்க.

பி.கு: வைடு லென்ஸ் விற்பனைக்கு. பாதி விலைக்குத் தர்றேன். :-)