இந்த இமேஜைக் கட்டியது யார்?

மலையூரான கோலா தெர்லாவில் எங்கள் வீட்டில் கிடந்த பழைய கணினியில் தம்பி ஒரு பிட்காயின் நோடு போட்டுத் தந்தான். டாக்கரில் ஒரே ஒரு கட்டளை. எங்கிருந்தோ, நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய ஓர் இமேஜ் இறங்கியது, கண்டெய்னர் ஓடத் தொடங்கியது. "இனிமே யார் பேச்சையும் நம்ப வேணாம்க்கா, எல்லாத்தையும் நம்ம நோடே சரிபார்த்துக்கும்" என்றான். இமேஜைக் கட்டியது யார் என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றான். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

எனக்கு அது போதவில்லை. எங்கள் பாட்டி இதே மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். நிறுவையில் தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதியதை அவரால் படிக்க முடியாது. லயத்துச் சுவரில் கரிக்கோடு போட்டுத் தனிக்கணக்கு வைத்திருந்தார் என்று அம்மா சொல்வார். சம்பள நாளில் இரண்டும் ஒத்துப்போகாது. புத்தகத்தில் இருப்பதே கணக்கு என்று அனுப்பிவிடுவார்கள்.

முதலில் இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷான டைஜஸ்டைப் பிடித்துக்கொண்டேன். 'லேட்டஸ்ட்' என்ற டேக்கை வெளியிட்டவர் நாளைக்கே வேறோர் இமேஜுக்கு மாற்றிவிடலாம். டைஜஸ்ட் அப்படியல்ல, உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்துத் தொடரே வேறாகிவிடும். ஆனால் நாட்கணக்கில் அதையே சுற்றிவந்தும் கிடைத்த செய்தி ஒன்றுதான்: அவர்கள் வைத்ததே எனக்கு வந்திருக்கிறது. எதிலிருந்து கட்டினார்கள் என்று அது சொல்லாது. இமேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலைத் தேடிப் படித்தேன். டெபியன் லினக்ஸ் அடித்தளம், அதன்மேல் ஒரு பைனரி. அந்தக் கோப்பிலிருந்துதான் இந்த இமேஜ் வந்தது என்பதற்கும் சாட்சி இல்லை. மூலநிரலே சுத்தமாக இருந்தாலும் கம்பைலர் கள்ளவழி வைக்கலாம் என்று கென் தாம்ப்சன் 1984லேயே வெளியான தம் டூரிங் விருது உரையில் காட்டிவிட்டார். அங்கே வழி அடைத்துக்கொண்டது.

இமேஜை விட்டுவிட்டு பைனரியின் பிறப்பைத் தேடியபோதுதான் மனம் துள்ளியது. அந்த பைனரியான பிட்காயின் கோர், 2021இல் வந்த 22.0 பதிப்பிலிருந்து கீக்ஸ் என்ற கருவியால் கட்டப்படுகிறது. பலர் தத்தம் கணினியில் ஒரே மூலநிரலைத் தனித்தனியே கட்டுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஹாஷ் வர வேண்டும். வந்ததைக் கையொப்பமிட்டு வெளியிடுகிறார்கள். பாட்டியின் சுவருக்குக் கிடைக்காத மதிப்பு இங்கே ஒவ்வொருவரின் கணக்குக்கும் இருக்கிறது.

அந்தக் கீக்ஸைக் கட்டியது எது? 2023 ஏப்ரலில் கீக்ஸ் குழு அறிவித்த செய்தி என்னை உலுக்கியது: கம்பைலர் உட்பட எல்லாவற்றையும் 357 பைட் நிரல் ஒன்றிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்பலாம். மனிதர் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்க்கக்கூடிய அளவு அது. கட்டுமானத்தை நடத்த ஒரு லினக்ஸ் கெர்னலும் கைல் என்ற நிரலும் இன்னும் தேவைதான். அந்த இடைவெளியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

தம்பி போட்டதை அழித்தேன். கையொப்பங்களைச் சரிபார்த்த பைனரியை வைத்து என் இமேஜை நானே கட்டினேன். டெபியன் அடித்தளம் மட்டும் இன்னும் பிறர் தந்தது. அதை டைஜஸ்டால் கட்டிப்போட்டிருக்கிறேன்.

நோடின் அமைப்புகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய பிட்காயின் தொகுதிகளில் உள்ள பரிவர்த்தனைகளின் கையொப்பங்களைச் சரிபார்க்காமல் தாண்டிப்போகும்படி 'அசியூம்வேலிட்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. அதை 0 ஆக்கினேன். "ரொம்ப இழுக்கும்க்கா, இந்த மெஷின் தாங்காது" என்றான் தம்பி. இழுக்கட்டும் என்றேன். நோடு 2009இன் தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு கையொப்பமாகப் பார்த்துக்கொண்டு வருகிறது.