பாலையும் நெய்தலும்

மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை; கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நிலத்தை இவ்வாறு பகுத்துரைப்பது தமிழ் மரபு. இவ்விரு நிலங்களும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தழுவி நிற்கும் நாடுகளும் உலகில் உள. பாரசீக வளைகுடாவின் தென்கரையில், ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த அபுதாபி அவற்றுள் ஒன்று. அங்கு வந்து கடலிற் கலக்கும் ஆறு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் மழை 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. கோடை வெப்பம் 45 பாகை செல்சியசையும் கடப்பதுண்டு. பெருங்கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. இவ்வளைகுடா நீரிலோ அது 40 பங்கினும் மிகுதி. இத்தகைய கரையில் பசுமை தழைத்தல் இயலுமோ என நாம் ஐயுறலாம். ஆயினும் அங்கே கண்டற்காடு செழித்து நிற்கின்றது!

நம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வளரும் வெண்கண்டலே அங்கும் வளர்கின்றது. அது நிற்பது காற்றுப் புகாத சேறு. ஆதலின் எழுதுகோல் போன்ற கிளைவேர்கள் சேற்றைத் துளைத்து மேலெழுந்து காற்றை ஏற்கின்றன. நீரிலுள்ள உப்பிற் பெரும்பகுதியை வேர் உட்புகாது தடுக்கின்றது. தப்பிப் புகுந்ததை இலை வெளியேற்றுகின்றது. இலையைக் கூர்ந்து நோக்கின் உப்புத்துகள் மின்னுவதைக் காணலாம். விதையோ தாய்மரத்தில் இருக்கும்பொழுதே முளைக்கத் தொடங்கிவிடும். உதிர்ந்தபின் மிதந்து சென்று, சேறு கண்ட இடத்தில் விரைந்து வேரூன்றும். இக்காட்டின் நிழலில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் வருகின்றன.

கரைக்கு அப்பால் தீவுகள் பல உள. அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில், கடற்புல்லை மேய்ந்து ஆவுளியா என்னும் கடற்பசுக்கள் வாழ்கின்றன. தாய் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே வலையில் சிக்கி ஒன்று மடியினும் அவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று. இவை வாழும் மராவா கடற்பகுதியை, 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

இத்தீவுகளுள் சிர் பனியாஸ் என்பது ஒன்று. அமீரகத்தின் முதல் அதிபராக விளங்கிய சேக் சாயித் அதனை விலங்குகளின் புகலிடமாக்கினார். அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற மறிமான்கள் இன்று அங்கே கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. நீண்ட கொம்புகளை உடைய இவ்விலங்கு, நெடுநாள் நீர் அருந்தாமலே, உண்ணும் செடிகளின் ஈரத்தைக்கொண்டு உயிர் வாழவல்லது. பாலையின் கொடுமை முழுவதையும் வென்ற இவ்விலங்கு, மோட்டார் வண்டியில் விரைந்து வந்த வேட்டைக்காரரின் துப்பாக்கிக்குத் தோற்றது. 1972இல் ஓமன் நாட்டில் எஞ்சியிருந்தவையும் வீழ்ந்தன. காட்டில் ஓரிக்ஸ் இனம் அற்றது.

நல்லவேளையாக, இவ்வழிவை முன்னரே உணர்ந்த அறிஞர் சிலர் 1962இல் சில விலங்குகளைப் பிடித்தனர். அவையும் வேறிடங்களிலிருந்து பெற்றவையும் அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலையொன்றில் ஒருங்கே வளர்க்கப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் 1982இல் ஓமன் பாலையில் விடப்பட்டன. ஆயினும் அங்கே திருட்டு வேட்டை மீண்டும் தலைதூக்கியது. 1996இல் 450ஆகப் பெருகியிருந்தவை 65ஆகச் சுருங்கின. காப்பிடத்தின் பரப்பும் குறைக்கப்படவே, 2007இல் அது உலக மரபுச்சின்னப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

மாணவர்களே! உப்பை வெல்லும் வழியைக் கண்டல் அறியும்; கோடரியை வெல்லும் வழியை அறியாது. வேட்கையைத் தாங்க மறிமான் அறியும். குண்டைத் தாங்க அறியாது. இயற்கையின் கொடுமைக்கு இயற்கையே மருந்து தந்துள்ளது. மனிதன் இழைக்கும் கொடுமைக்கு மருந்து மனிதனிடமே உள்ளது. இழந்ததை மீட்பதும் அவனால் இயலும். மீட்டதை மீண்டும் இழவாது காத்தலே அதனினும் பெரும்பணி.