தந்தபுரியில் ஒரு தேடல்

பழம்பொருளுக்கு உதிரி உறுப்புத் தேடுவோர் படும் பாட்டை, பாட்டி காலத்துத் தையல் இயந்திரத்தை இன்னும் மிதித்துக்கொண்டிருக்கும் நம் தாய்மார் நன்கறிவர். ஓர் இசைக்கருவியின் கட்டைகளைத் தேடிச் சென்று, ஆப்பிரிக்கக் காடு வரைக்கும் எண்ணத்தை ஓட்டிவிட்டுத் திரும்பிய ஒரு நாளைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு பங்கில், விடுமுறையில் சென்றிருந்த குருவுக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவ்வாலயத்தில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், நாள்தோறும் பூசைக்குப்பின் என்னைத் தம் இல்லத்திற்குக் காப்பி அருந்த அழைத்துச் செல்வார். அங்கே மேசைமீது மூடி கழற்றிய நிலையில் ஒரு சிந்தசைசர் கிடந்தது. மினிமோக் என்பது அதன் பெயர். 1970 முதல் 1981 வரை செய்யப்பட்ட வகை. இவர் இளமையில் தவணை கட்டி வாங்கியது. மாடியிலிருந்து இறக்கும்போது கைநழுவி விழுந்ததில் கட்டைகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது. பதினொரு கட்டைகள் ஊமையாயின. இரண்டு, அழுத்தினால் எழுவதில்லை.

நம் ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் காற்றுக்கு வழி திறக்கிறது. இதில் காற்றும் இல்லை, தந்தியும் இல்லை. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் தூண்டில் முள்போல் வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ளன. கட்டை தாழ்ந்ததும் ஒரு கம்பி, எந்தச் சுருதி வேண்டும் என்பதை மின்னழுத்தத்தின் அளவாகச் சொல்லும். மற்றொன்று, ஒலியைத் தொடங்கு எனக் கட்டளையிடும். ஒரு ஸ்தாயி ஏறினால் ஒரு வோல்ட் ஏறும். இடையிலுள்ள பன்னிரண்டு படிகளும் அந்த ஒரு வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். இவ்வளவு எளிய ஏற்பாடு. ஆயினும் சட்டம் ஓர் இழை கோணினால் கம்பி தொட வேண்டிய இடத்தைத் தொடாது. தனிக் கட்டையை மாற்றிப் பயனில்லை. நாற்பத்து நான்கு கட்டைகளும் சட்டத்தோடு ஒரே தொகுதியாக வேண்டும்.

புதிதாக வாங்கலாகாதா என்றேன். இந்நாளில் பல கருவிகளுக்குக் கட்டைத் தொகுதி செய்து தருவது இத்தாலியில் உள்ள ஃபாத்தர் என்னும் நிறுவனம். லொரேட்டோ மாதா திருத்தலத்திற்கு அண்மையிலுள்ள ரெகனாட்டிதான் அதன் ஊர் என்று அறிந்தபோது எனக்குச் சிறு மகிழ்ச்சி. ஆனால் இக்காலத்துக் கட்டைகள் விரலின் வேகத்தை அளந்து கணிப்பொறிக்குச் சொல்பவை; வோல்ட் மொழி அவற்றுக்குத் தெரியாது. இடையே மொழிபெயர்க்க ஒரு மின்சுற்று வைக்கவேண்டும். “மொழிபெயர்ப்பாளர் எனக்கு வேண்டாம், ஃபாதர்” என்று பெரியவர் மறுத்துவிட்டார். அப்பழைய தொகுதியைச் செய்தது பிராட்-ரீட் என்னும் கம்பெனி. அது இருந்த ஊர், அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது. அப்பக்கத்தில், கெட்டுப்போன கருவிகளைப் பிரித்து வைத்திருக்கும் பழுதுநீக்குபவர் ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்று, ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம்.

கனெக்டிகட் ஆறு கடலை அணுகும் இடத்தில் எஸ்ஸெக்ஸ் என்னும் ஊர். மர வீடுகள், படகுத்துறை, சுற்றுலாப் பயணிகளுக்காகப் புகைவண்டி ஒன்று. அதன் உட்கிராமமே ஐவரிட்டன். நம் மொழியில் சொல்வதானால் தந்தபுரி. சிற்றோடை ஒன்று ஓடுகிறது. 1911-இல் தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு மன்றமாகக் கட்டப்பட்ட கூடத்தில் இன்றும் நாடகம் நடக்கிறது. வாசலில் பூத்தொட்டிகள். இவ்வளவு சாந்தமான ஊருக்கு யானையின் பெயர் எப்படி வந்தது?

அடுத்த ஊராகிய டீப் ரிவரும் இதுவும் சேர்ந்து, ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த தந்தத்தில் பெரும்பகுதியை அறுத்துத் தீர்த்தன. முதலில் சீப்பு, பிறகு பியானோக் கட்டைகள். மூன்று சிறு தொழில்கள் 1863-இல் ஒன்றானதால் பிறந்தது பிராட்-ரீட். ஐவரிட்டனில் இருந்தது காம்ஸ்டாக்-செனி. இவ்விரு போட்டியாளரும் 1936-இல் ஒன்றாயினர். பியானோவில் வெள்ளைக்கட்டைகள் ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய தந்தத் தகடு, முன்துண்டும் பின்துண்டுமாக ஒட்டப்படும். அறுத்த தகடுகள் வெளுக்கும்பொருட்டு, கண்ணாடி வேய்ந்த நீண்ட கொட்டகைகளில் வாரக்கணக்கில் வெயிலில் பரப்பப்பட்டன. நம் ஊரில் அப்பளம் காயவைப்பதுபோல் என்று நான் சொல்ல, அப்பளம் இன்னதென்று விளக்குவதிலேயே இரண்டு மைல் கழிந்தது.

“என் பாட்டனார் அந்தக் கொட்டகைகளில் வேலை பார்த்தவர், ஃபாதர்” என்றார் பெரியவர். “இத்தாலியிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதே இல்லை. எங்கள் வீட்டில் யானையைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. தந்தமும் மரத்தைப்போல் எங்கோ விளைகிறது என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன்.”

அத்தந்தம் வந்த வழி சான்சிபார் வழி. தங்கனிக்கா ஏரிக்கும் அப்பாலிருந்து கடற்கரை வரை பல நூறு மைல் மனிதத் தோளில் வந்தது. சுமந்தோரில் கூலிக்கு வந்த நியாம்வேசி மக்களும் உண்டு. கழுத்தில் கவைக்கட்டையோடு ஓட்டிவரப்பட்ட அடிமைகளும் உண்டு. தந்தத்தைத் தேடிச் சென்றவர்களே வழியில் கிராமங்களைக் கொளுத்தி ஆட்களையும் பிடித்தனர். கடற்கரைப் பாகமோயோவில் தூய ஆவி சபைக் குருக்கள் 1868-இல் மடம் அமைத்து, மீட்கப்பட்ட அடிமைகளைக் குடியேற்றியதை நான் குருமடத்தில் திருச்சபை வரலாற்றுப் பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த மடத்தின் வாசலைக் கடந்து சென்ற தந்தம் எங்கே போயிற்று என்று பாடநூலில் இல்லை, நானும் கேட்டதில்லை. அமெரிக்கக் கம்பெனிக்காகச் சான்சிபாரில் தந்தம் வாங்கும் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் மூர் என்பவரே, 1931-இல் அவ்வாணிகத்தை ஆப்பிரிக்காவின் சாபக்கேடு என்று ஒரு நூல் எழுதினார். அந்நியரை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் நகர முடியாது. சான்சிபாரில் இவ்வாணிகத்திற்கு முதல் கொடுத்தோரில் பலர், குஜராத்திலிருந்து கப்பலேறிய நம் நாட்டு வணிகரே.

டீப் ரிவரில் காரை நிறுத்தி, ஒரு சிறு தெருவின் பெயர்ப்பலகையைப் பெரியவர் காட்டினார். தெற்கு மாநிலத்திலிருந்து தப்பிவந்த டேனியல் ஃபிஷர் என்ற அடிமை, வில்லியம் வின்ட்டர்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு இவ்வூரில் வாழ்ந்தார். அவர் நினைவாக எழுந்த பெயர் அது. அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஜார்ஜ் ரீட். தம் சபையில் மூப்பர், அடிமை முறையை வெறுத்தவர். பிராட்-ரீட் என்னும் பெயரில் உள்ள ரீட் அவரே! வாசலில் வந்து நின்ற அடிமையை அவர் கண்டார். ஆற்றுத்துறையில் இறங்கிய தந்தத்தின் பின்னால் நின்றவர்களைக் காணவில்லை. நெஞ்சறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் வாதிட்டோம். கப்பல் கணக்கைப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்பது பெரியவர் கட்சி. தூரம் என்பது கண்ணுக்கு ஒரு திரை என்று நான் சொன்னேன். சொன்னபின், ரீட்டுக்காகவா எனக்காகவா வாதாடுகிறேன் என்ற ஐயம் எழுந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது இதே கம்பெனி, விசையின்றி மிதக்கும் கிளைடர் விமானங்களைச் செய்தது. 1950-களில் கட்டைகள் பிளாஸ்டிக்காயின. பின்னர் சிந்தசைசர்கள் வந்தபோது, மினிமோக்கிற்கும் வேறு பலவற்றிற்கும் அவர்களே கட்டைத் தொகுதி கொடுத்தனர். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடுக்க 1989-இல் நாடுகள் முடிவெடுத்தபோது, இவ்வூரில் அது பழங்கதை. டீப் ரிவரில் இருந்த பெரிய செங்கல் ஆலை இப்போது குடியிருப்பு. சன்னல்களில் திரைச்சீலைகள் ஆடுகின்றன.

பழுதுநீக்குபவரின் நிலவறையில் நாங்கள் தேடியது கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கி மின்சுற்றெல்லாம் துருவேறிப்போன ஒரு மினிமோக். கட்டைத் தொகுதி மட்டும் முன்னரே கழற்றி வைக்கப்பட்டதால் பிழைத்தது. வளைந்த பழைய தொகுதியைத் தம்மிடமே விட்டுச்செல்லுமாறு கேட்டு, விலையில் பாதியைக் குறைத்தார். அதிலுள்ள நல்ல கட்டைகள் வேறொருவருக்கு உதவுமாம்.

மூன்று மாலைகள் பணி நடந்தது. கம்பிகளைத் துடைத்து நிமிர்த்துவது பெரியவர் வேலை. விளக்குப் பிடிப்பது என் வேலை. நான்காம் நாள் கருவிக்கு மின்சாரம் கொடுத்து, “முதல் ஒலி உங்களுடையது” என்றார்.

நான் இளம் மாணவனாக இருந்த குருமடத்தில் ஒரு பழைய பியானோ உண்டு. கட்டைகள் பற்களைப்போல் மஞ்சளித்திருந்தன. ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் குறுக்காக ஒரு நுண்ணிய கோடு. சுரம் பழகாமல் சோம்பியிருக்கும்போது அதை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். முன்துண்டும் பின்துண்டும் சேருமிடம் அது என்று ஐவரிட்டனில்தான் அறிந்தேன்.

மினிமோக்கின் கட்டைமீது கைவைத்தபோது, என்னையறியாமல் விரல் அக்கோட்டைத் தேடியது. பிளாஸ்டிக் வழுவழுவென்றிருந்தது. அழுத்தினேன், அறை நிறைய ஒலித்தது.

“நிறுத்தாதீர்கள், ஃபாதர்” என்றார் பெரியவர், காதைச் சாய்த்தபடி. “இன்னும் நாற்பத்து மூன்று இருக்கின்றன.”