மறுமுனையில் யாரும் இல்லாத குழாய்

திங்கள் இரவு, தோணிரேவு

கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து, முதல் சில பைட்டுகளைப் படித்து, படமா எழுத்தா என்று சொல்லும் சின்னக் கருவி. முந்நூறு கோப்புகள்வரை ஓடியது, அப்புறம் அசையவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கரன்ட் போய் வந்ததில் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஒரு மணி நேரம் போனது.

செவ்வாய்

கருவி நின்ற கோப்புக்கு எல்எஸ் -எல் கொடுத்துப் பார்த்தேன். அந்த வரியின் முதலெழுத்து 'பி'. சாதாரணக் கோப்பு இல்லை, பெயருள்ள குழாய், ஃபிஃபோ. அதைப் படிக்கத் திறந்தால், எழுதுவதற்காக மறுமுனையை யாராவது திறக்கும்வரை கெர்னல் நம்மை விடாது. யாரும் வராவிட்டால் விடிய விடியக் காத்திருப்புதான். ஓபன் அழைப்பில் ஓ_நான்பிளாக் சேர்த்தேன். உடனே திரும்பி வந்தது.

புதன்

அவசரப்பட்டுவிட்டேன். ஒரு டெர்மினலில் கேட் கட்டளையை ஃபிஃபோவில் எழுத நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொன்றில் கருவியை ஓட்டினேன். கருவி எட்டிப் பார்த்த கணத்தில், படிக்க ஆள் வந்துவிட்டது என்று கேட் எழுந்துகொள்கிறது. அதற்குள் கருவி மூடிவிட்டுப் போய்விடுகிறது. கேட் ஆளில்லாத குழாயில் எழுதப் போய், சிக்பைப் சிக்னல் வாங்கிச் செத்துப்போகிறது. எனக்குத் தடை நீங்கியது. யாருக்காகவோ காத்திருந்தவனைக் கெடுத்துவிட்டேன். இது திங்கட்கிழமைத் தவறைவிட மோசம்.

சித்தப்பா கடலுக்குக் கிளம்புகிற நாளில், "முகத்துவாரம் எப்படிடா இருக்கு?" என்று போனில் கேட்ட பிறகுதான் படகைத் தள்ளுவார். மணல் தூர்ந்த நாளில் போய்த் தரை தட்டி நிற்க அவருக்கு விருப்பமில்லை. இன்றும் கேட்டார். கோப்பின் வகையைத் திறக்காமலே கேட்க எனக்கும் ஒரு வழி இருக்கிறதே: ஸ்டாட்.

வியாழன்

இப்போது முதலில் ஸ்டாட். ஃபிஃபோ என்றால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டியது. பயனர் வெளிப்படையாகக் கேட்டால்தான் திறப்பு. ஸ்டாட்டுக்கும் ஓபனுக்கும் இடையில் கோப்பை யாராவது மாற்றிவிடலாம், ஆகவே ஓ_நான்பிளாக்கை நீக்கவில்லை. திறந்த பின் எஃப்ஸ்டாட்டால் இன்னொரு முறை சரிபார்ப்பு.

யூனிக்ஸில் மக்கில்ராய் வற்புறுத்தி, தாம்சன் பைப்பைச் சேர்த்தது 1973இல். என் கருவியைப் போலவே கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையின் கையேட்டுப் பக்கமும் அதே ஆண்டு நவம்பர் தேதியிட்டது. பெயருள்ள குழாய் பிறகு வந்தது. இன்றைய ஃபைல் கட்டளையும் ஃபிஃபோவைக் கண்டால் உள்ளே படிக்காமல் வகையை மட்டும் சொல்கிறது. அதன் காரணம் எனக்கு நேற்றுதான் புரிந்தது.

கருவி கடைசிக் கோப்புவரை ஓடி முடித்தது. பக்கத்து டெர்மினலில் மறுபடி நிறுத்தி வைத்த கேட் தன் ஆளுக்காக இன்னும் காத்திருக்கிறது.