ஆத்தூரிலிருந்து சோழமண்டலம் வரை

ஆத்தூர் என்றதும் உங்களுள் பலர் சேலத்து ஆத்தூரை நினைப்பீர்கள். நான் குறிப்பிடுவது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் செம்பட்டியில் இறங்கி, மேற்கே மலையை நோக்கித் திரும்பினால் எங்களூர் வந்துவிடும். திண்டுக்கல் நகரத்தார் அருந்தும் நீரைத் தேக்கி வைத்திருக்கும் காமராசர் அணை இங்கேதான் இருக்கிறது. 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக அமர்ந்த திண்டுக்கல்லையும், அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் பேகம்பூர்ப் பள்ளிவாசலையும் காண வருவோர், இன்னும் சற்றுத் தொலைவு வந்து இந்த அணைக்கரையையும் பார்த்துச் செல்லலாம்.

இவ்வூரில் ஒரு சிறு நவீன ஓவியக் கண்காட்சி நடத்தினால் என்ன என்னும் எண்ணம் எங்களில் சிலருக்குத் தோன்றியது. மூன்று நாட்கள், ஒரே ஒரு கூடம், இருபது சட்டங்கள், அவ்வளவுதான். இதைக் கேட்ட மஹல்லாப் பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், படம் மாட்டுகிற வேலை நமக்கு எதற்கு?" என்று வினவினார். நியாயமான கேள்வி. மத்ரஸாவில் பாடம் சொல்பவனிடம் அதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அதற்கு விடை தேடி இரவு ரயிலேறிச் சென்னை சென்றேன். எழும்பூரில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஈஞ்சம்பாக்கத்தை அடைந்தால் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1850இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளி பிற்காலத்தில் அரசுக் கவின்கலைக் கல்லூரியாயிற்று. அதன் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடு 1966இல் நிறுவியது இக்கிராமம். ஓவியத்தை மட்டும் நம்பினால் உலை கொதிக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளைத் தயாரித்து விற்றார்கள்; அந்தக் கைத்தொழில் வருவாயைக் கொண்டு சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். எங்கள் பக்கத்துச் சின்னாளபட்டியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிச் சுங்குடிச் சேலை செய்யும் குடும்பங்களை அறிந்தவன் என்பதால், இச்செய்தி என்னை வெகுவாகக் கவர்ந்தது. கலைஞன் என்றால் ஏதோ வேற்றுலகவாசி என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். அவனும் சாயத்தொட்டியில் கை நனைத்தவன்தான்!

அங்கே 2009இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில், சென்னை இயக்கம் என்று பெயர்பெற்ற ஓவியர், சிற்பியரின் படைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் கொணர்ந்த பி.வி. ஜானகிராமின் வேலைப்பாட்டைப் பார்த்தால் எந்தப் பாத்திரக்காரரும் ஒரு கணம் நின்றுவிடுவார். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியது பணிக்கரின் ஓவியம். 1963 முதல் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள் போன்ற கோடுகள், கணக்கு அட்டவணை போன்ற பத்திகள், இடையிடையே மலையாளம் போலத் தோன்றும் எழுத்துகள். அருகே சென்று வாசிக்க முயன்றால் வாசிக்க இயலாது. எழுத்தின் உருவம் மட்டும் நிற்கிறது. பொருள் விலகிக் கொள்கிறது.

அதன் முன் நின்றபோது நம் பாட்டிமார் பேணி வைத்திருந்த அரபுத்தமிழ் ஏடுகளை நினைத்துக் கொண்டேன். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய பரம்பரை நமது. இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வேடு கண்ணுக்குத் தெரிகிறது, வாசிக்கத் தெரிவதில்லை. பணிக்கர் வேண்டுமென்றே உண்டாக்கிய நிலையை நாம் கவனக்குறைவால் அடைந்திருக்கிறோம்.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்களில் வந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. அதே வேளையில், படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அன்னார் வழிகாட்டிய செய்தியும் புகாரி, முஸ்லிம் நூல்களில் இருக்கிறது. தொழிலை அறவே விட்டுவிடும்படி சொல்லாமல் வேறொரு வாசலை அவர்கள் திறந்து காட்டினார்கள். நவீன ஓவியத்தின் பெரும்பகுதி அந்த வாசலுக்கு உட்பட்டதே என்பது என் கருத்து. கராச்சியில் பிறந்து பம்பாயில் வளர்ந்து, பரோடாவில் ஓவியம் கற்பித்து 1990இல் மறைந்த நஸ்ரீன் முகமதியின் முதிர்ந்த படைப்புகளில் மையும் பென்சிலும் இழுத்த நேர்கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஈராக்கில் வாழ்ந்த மதீஹா உமர் என்னும் பெண்மணி அரபு எழுத்துகளையே ஓவியமாக்கி, 1949இல் வாஷிங்டனில் ஒரு பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்தார். பெரிய மாளிகையில் அல்ல, நூலகத்தில்! எங்களுக்குத் தெம்பளித்த செய்தி இது.

இன்னொரு செய்தி எங்களை எச்சரித்தது. சூடானியரான இப்ராஹீம் அல்ஸலாஹி 1930இல் ஓம்துர்மானில் பிறந்தவர். தந்தையார் நடத்திய குர்ஆன் பள்ளியில் மரப்பலகையில் எழுதிப் பழகியவர். 1954 முதல் 1957 வரை லண்டனில் ஓவியம் பயின்று திரும்பி, கார்த்தூமில் ஒரு ஓட்டலில் கண்காட்சி வைத்தார். திறப்பன்று மக்கள் வந்தார்கள், குளிர்பானம் அருந்திச் சென்றார்கள். மறுநாள் முதல் ஈ காக்கை இல்லை. ஏன் என்று நெடுநாள் சிந்தித்தார். பிறகு ஓவியத்தின் மூலையில் சிறியதாய் அரபு வரிகளை எழுதினார். மக்கள் சற்று நெருங்கினார்கள். எழுத்தைப் படமெங்கும் பரப்பினார், இன்னும் நெருங்கினார்கள். அவரது வாழ்நாள் படைப்புகளை 2013இல் லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கு வைத்தது.

சோழமண்டலத்தில் வாழ்ந்து 1990இல் மறைந்த ஜே. சுல்தான் அலியின் ஓவியங்களைப் பற்றித்தான் எங்களுக்குள் நீண்ட வாதம். பழங்குடி மக்களின் காளைகள், பாம்புகள், விசித்திர உருவங்கள், அவற்றைச் சூழ்ந்து எழுத்துகள் என்று வரைந்தவர் அவர். நம் சமுதாயத்துப் பெயர் தாங்கிய பெரிய ஓவியர். அவரை விட்டுவிட்டால் வரலாறு குறைபடும். உருவங்களை மாட்டினால் பாதிப் பேர் வாசலோடு திரும்புவர். படத்தை விடுத்து, அன்னாரின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் ஒரு பலகையில் எழுதி வைப்பதென்று முடிவாயிற்று. ஓவியரை ஓவியமின்றி அறிமுகம் செய்வது சரியா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. எனினும் முதல் கண்காட்சியில் பெண்களும் முதியோரும் தயக்கமின்றி உள்ளே வரவேண்டும் என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இவ்வளவு வாதத்துக்கும் காரணம் ஒரு சிறுமி. ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள். அரபு நோட்டில் 'நூன்' எழுத்தின் வளைவை இழுத்து நீட்டி, அதையே அணைநீரின் அலையாக்கியிருந்தாள். என்னைக் கண்டதும் நோட்டை மறைத்தாள். வீட்டில் வரையக் கூடாதென்று கண்டிப்பாம். அந்த அலை மறைக்கப்பட வேண்டியதன்று என்பதை அவள் வாப்பாவுக்கு நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் போதாது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, ஊரார் நின்று பார்ப்பதை அவர் பார்க்க வேண்டும்.

மற்றவை வேலை விவரங்கள். காகிதத்தில் வரைந்தவற்றின் மீது வெயில் படக்கூடாது. அருங்காட்சியகத்தார் ஐம்பது லக்ஸுக்கு மேல் ஒளி விடுவதில்லை. ஆகவே மேற்கு ஜன்னல்களுக்குத் தடித்த திரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் வாங்கி நெளியும் என்பதால் தை மாதத்தைத் தேர்ந்தோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் அமைய வேண்டும். பிள்ளைகளுக்காக ஒரு வரிசை தாழ்வாக. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பெண்களுக்கு மட்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று கூடத்தார் சொல்லிவிட்டார்கள். ஆகவே தச்சரிடம் மரத்தாங்கிகள் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

நுழைவாயிலருகே ஒரு மேசை இன்னும் காலியாக இருக்கிறது. அரபுத்தமிழ் ஏடோ, முன்னோர் ஓதிப் பழகிய மரப்பலகையோ உங்கள் வீட்டுப் பரணில் இருக்குமாயின், மூன்று நாட்களுக்கு இரவல் தாருங்கள். கண்ணாடிக்குள் வைத்து, உங்கள் குடும்பப் பெயரெழுதி, நான்காம் நாள் நானே கொண்டுவந்து சேர்ப்பேன், இன்ஷா அல்லாஹ்.